நாற்பத்தெட்டு எண்கள்

அஸ்வினிக்குக் கருமாதி முடிந்த ஐந்தாம் நாள், வக்கீல் ஜெயக்கொடி சமயநல்லூருக்கு வந்தார். வீட்டுக்குப் போகாமல் நேராக அவள் அப்பா தவசியின் மோட்டார் வைண்டிங் கடைக்கு வந்தார். தவசி ஒரு பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, எரிந்துபோன காயிலை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். கடை முழுக்கக் கருகிய வார்னிஷ் வாடை.

"அண்ணே, நான் ஜெயக்கொடி. அஸ்வினி எங்க ஆபீஸ்லதான்..."

"தெரியும். ஆஸ்பத்திரியில பாத்தேன்."

தவசி தலையை நிமிர்த்தவில்லை. ஜெயக்கொடி தானாகவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. மாடிப்படி ஏறி வந்தவரைப் போல மூச்சு வாங்கியது.

"இந்த நேரத்துல வந்து கேக்கறதுக்கே கூசுதுண்ணே. ஆனா வேற வழியில்ல. அஸ்வினி ஒரு ஹார்ட் டிஸ்க் வச்சிருந்தா. கம்ப்யூட்டர்ல சொருகறது, கையடக்கமா இருக்கும். அதுல பதினோரு பொம்பளைங்க பேசுனது இருக்கு. எல்லாரும் ஒரு மில்லுல வேல பாத்தவங்க. அங்க சூப்பர்வைசர் ஒருத்தன் பண்ணுன அக்கிரமத்த ஒவ்வொருத்தரா அவகிட்டச் சொல்லிருக்காங்க. டிசம்பர் பதினெட்டு வாய்தா. அதக் கேட்டு எழுதித்தான் கோர்ட்ல போடணும். டிஸ்க் எங்க ஆபீஸ் பீரோவுலதான் கிடக்கு. ஆனா அவ அதப் பூட்டி வச்சிருக்கா."

"பூட்டுனா ஒடைக்க வேண்டியதுதான."

"ஒடையற பூட்டு இல்லண்ணே இது. என்கிரிப்ட் பண்றதுன்னு சொல்வாங்க. உள்ள இருக்கறத பூராம் கலைச்சுப் போட்டுரும். பாஸ்வேர்டு போட்டாத்தான் ஒழுங்காத் தெரியும். டவுன்ல ரெண்டு கடையில காட்டிட்டோம். அழிச்சுட்டு வெறும் டிஸ்க்கா வேணும்னாத் தாரோம், உள்ள இருக்கறது வராதுன்டாங்க."

அந்தப் பாஸ்வேர்டு அஸ்வினி ஒருத்திக்குத்தான் தெரியும். மறந்துபோனால் திறப்பதற்கென்று, பூட்டும்போதே கம்ப்யூட்டர் ஒரு நீளமான எண்ணைக் கொடுக்கும். நாற்பத்தெட்டு எண்கள். அதை அவள் ஒரு தாளில் எடுத்து வைத்திருந்தாள். டிஸ்க் இருக்கும் இடத்தில் அந்தத் தாள் இருக்கவே கூடாது என்பதில் அவளுக்குக் கண்டிப்பு.

"'எங்க வீட்டுல வச்சிட்டேன் மேடம்'னு எங்கிட்டச் சொன்னா. நானும் ஒரு நகல் கேட்டு வாங்கி வச்சிருக்கணும். வாங்கல. தப்பு எம்மேலதான்."

"எங்க வீட்டுலயா?" தவசி இப்போதுதான் நிமிர்ந்தார். "அவ வீட்ட விட்டுப் போயி ஏழு மாசம் ஆச்சு. திருநகர்ல ரூம் எடுத்துத் தங்கிருந்தா. அங்க போயித் தேடுங்க."

"தேடிட்டோம்ணே. அங்க இல்ல."

"அப்ப எங்கயும் இல்ல. நீங்க போயிட்டு வாங்க."

ஜெயக்கொடி ஒரு அட்டையில் தன் எண்ணை எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். தவசி கட்டரைக் கையில் எடுத்தார். கம்பி எது, விரல் எது என்று தெரியாமல் வெட்டியதில் இடது கட்டைவிரலில் ரத்தம் வந்தது.

அஸ்வினி அவருக்கு ஒரே பிள்ளை. சட்டம் படித்தாள். படிப்பு முடிந்ததும் ஜெயக்கொடியிடம் சேர்ந்தாள். போன மாசி மாதம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. இந்த வேலையை விட்டுவிட்டு அவரோடு போக வேண்டியிருக்கும் என்றார்கள். அஸ்வினி இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றுதான் சொன்னாள். பங்குனிக் கடைசியில் பூ வைத்து நிச்சயம் செய்ய நாள் குறித்தார்கள். சமையலுக்குச் சொல்லி, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு, நான்கு நாள் இருக்கும்போது வந்து நின்று வேண்டாம் என்றாள்.

"ஏன்னு காரணம் சொல்லு. அந்தப் பையன் ஏதும் சொன்னானா?"

"அவர் மேல ஒரு குத்தமும் இல்லப்பா."

"வேற யாரையும் மனசுல வச்சிருக்கியா?"

"இல்லப்பா. இப்ப இந்த வேலைய விட்டுட்டுப் போக முடியாது. அம்புட்டுதான்."

"மொதல்ல கேட்டன்னிக்கே சொல்ல வேண்டியதுதான. நாலு நாள் இருக்கப்ப என்ன வந்துச்சு?"

அவள் சொல்லவில்லை. அழுதாள், ஆனால் சொல்லவில்லை. தவசி உசிலம்பட்டிக்குப் போய் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று கும்பிட்டு, அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு திரும்பினார். அன்றிலிருந்து மகளோடு பேசவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் திருநகருக்குப் போய்விட்டாள்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து முதல் மூன்று நாள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்று மனைவி முனீஸ்வரி அங்கிருந்து போன் பண்ணினாள். "காச்சல்தான, வந்துரும், போயிரும்" என்றார் தவசி. நான்காம் நாள் அவர் போனபோது மகளின் வாயில் குழாய் செருகியிருந்தது. போர்வைக்கு வெளியே தெரிந்த பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் அவ்வளவு சூடாக இருந்தது. ஆறாம் நாள் காலையில் அந்தச் சூடு போய்விட்டது.

கடையைச் சாத்திவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தவர், முனீஸ்வரியிடம் வக்கீல் வந்ததைச் சொன்னார்.

"நம்ம வீட்டுல ஏதோ பேப்பரு வச்சிருக்கான்னு சொல்றாங்க. அவ எங்க இங்க வந்தா?"

முனீஸ்வரி "வருவா" என்றாள். "மாசத்துல ரெண்டு தடவ. நீங்க கடைக்குப் போனப்புறம் வருவா, நீங்க வாரதுக்குள்ள போயிருவா. நான்தான் உங்ககிட்டச் சொல்லல."

தவசி பீரோவைத் திறந்தார். அஸ்வினியின் சர்டிபிகேட் பைல் அடித்தட்டில் இருந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார். சட்டப் படிப்பின் மதிப்பெண் பட்டியலுக்குப் பின்னால் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. ஆறு ஆறு எண்களாக எட்டுக் கட்டு. பெயர் இல்லை, தேதி இல்லை, எதற்கென்ற குறிப்பும் இல்லை.

அந்தத் தாளை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த எண்களுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் இருக்கிறது என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோக்களில் அவள் முகம் இருந்தது, ஆனால் மேலே பாட்டைப் போட்டுவிட்டார்கள். அவளுடைய போனையும் யாராலும் திறக்க முடியவில்லை. கல்யாணத்தையே தள்ளிவிட்டு இந்த ஏழு மாதம் என்ன செய்தாள், யாரிடம் என்ன பேசினாள்? அது அந்த டிஸ்க்குக்குள் இருக்கிறது.

மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்து மதுரைக்குப் போனார். ஜெயக்கொடியின் ஆபீஸ் கோர்ட் பக்கம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது.

"பேப்பர் கெடச்சிருச்சு" என்றார் தவசி. ஜெயக்கொடி எழுந்தே விட்டார். தவசி சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். "தாரேன். ஆனா என் முன்னாடி தெறக்கணும். எம்மக பேசுனது பூராத்தையும் நான் கேக்கணும்."

ஜெயக்கொடி மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தார்.

"அதுல அவ மட்டும் பேசலண்ணே. அவ கேள்வி கேப்பா, அந்தப் பொம்பளைங்க பதில் சொல்லுவாங்க. புருசன்கிட்டக்கூடச் சொல்லாதத சொல்லிருக்காங்க. அத வேற யாரும் கேக்க மாட்டாங்கன்னு வாக்குக் குடுத்துத்தான் அவ பேச வச்சிருக்கா."

"நான் யார்ட்டம்மா போயிச் சொல்லப் போறேன்? நான் அவ அப்பன்."

"தெரியும்ணே. ஆனா அது என்னோடதும் இல்ல, அவளோடதும் இல்ல, தூக்கி உங்க கையில குடுக்கறதுக்கு."

"அப்ப இந்தப் பேப்பரும் உங்களோடது இல்ல" என்று சொல்லிவிட்டுத் தவசி படியிறங்கினார். பின்னாலேயே ஜெயக்கொடி கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

மூன்று நாள் அந்தத் தாளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். நான்காம் நாள் காலை பதினொரு மணி சுமாருக்கு, கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வெளிறிய நீலப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. வெயிலில் நடந்து வந்ததில் முகம் கறுத்திருந்தது.

"அஸ்வினி பாப்பாவோட அப்பா நீங்கதானாண்ணே?"

"ஆமா. நீ யாரும்மா?"

"எம்பேரு தங்கப்பொண்ணு. அலங்காநல்லூர் பக்கம். வக்கீலம்மா என்னய அனுப்பல. நான் வந்தது அவங்களுக்குத் தெரியாது. சமயநல்லூர்ல மோட்டாருக்குக் காயில் கட்டுற கடைன்னு பாப்பா ஒரு தடவ சொல்லுச்சு. பஸ் ஸ்டாப்புல கேட்டுட்டு வந்தேன்."

தவசி அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அவள் தரையில் உட்காரப் போனாள். ஸ்டூலைத் தள்ளி, "இதுல உக்காரு" என்றார்.

"நானும் அந்த மில்லுலதாண்ணே வேல பாத்தேன். அந்தப் பெட்டிக்குள்ள நான் பேசுனதும் இருக்கு. நாலு மணி நேரம் பேசிருக்கேன். எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது, என்னயப் பெத்தவளுக்கும் தெரியாது. பாப்பாட்ட மட்டுந்தான் சொன்னேன்." அவள் பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள். "பெட்டியத் தெறக்க முடியலன்னா இன்னொரு தடவ சொல்ல வேண்டி வரும்னு வக்கீலம்மா சொன்னாங்க. என்னால முடியாதுண்ணே. அத வாயால இன்னொரு தடவ சொல்றதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. சொன்னப்புறம் பத்து நாள் நான் சோறு திங்கல. மத்தவளுகளும் அப்படித்தான். ரெண்டு பேரு இப்பவே கேஸு வேணாம்னுட்டாளுக."

தவசி எதிரே இருந்த வெற்றுக் கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா பேசுனத நீங்க கேக்கணும்னு வக்கீலம்மாட்டச் சொன்னீங்களாம். என்னோடதக் கேளுங்க. நான் சம்மதிக்கிறேன். மத்தவங்களோடத வேணாம், என்னோடத மட்டும்."

"ஒன்னோடத நான் எதுக்கும்மா கேக்கணும்?"

"பாப்பா கொரலு அதுக்குள்ளதாண்ணே இருக்கு."

தவசி எழுந்து போய்ப் பக்கத்துக் கடையில் டீ வாங்கி வந்து அவளிடம் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கடையின் ஷட்டரை இறக்கினார். இருவரும் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள்.

ஆபீஸில் தவசி எந்த நிபந்தனையும் போடவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து ஜெயக்கொடியின் முன்னால் வைத்தார். மடிப்பில் வியர்வை பட்டுத் தாள் நைந்திருந்தது. ஜெயக்கொடி பீரோவிலிருந்து டிஸ்க்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினார். தவசி எண்களை ஒவ்வொரு கட்டாக வாசிக்க, அவர் அடித்தார். முதல் தடவை தப்பு என்று வந்தது. ஐந்தாவது கட்டில் ஓர் எண் மாறியிருந்தது. அதைச் சரிசெய்து அடித்ததும் திரையில் மஞ்சள் நிறப் பெட்டிகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றிலும் பெயர் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினொன்று வரை.

ஜெயக்கொடி பதினொன்றையும் விரலால் தொட்டு எண்ணினார்.

"என்னோடத இவருக்குப் போடுங்கம்மா" என்றாள் தங்கப்பொண்ணு. "வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

ஜெயக்கொடி இரண்டு தடவை அவளிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஒன்பதாம் எண் பெட்டியைத் திறந்தார். தவசியின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்.

முதலில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவள்.

"ஆன் பண்ணிட்டேன்க்கா. எங்க நிப்பாட்டணும்னு தோணுதோ அங்க கையக் காட்டுங்க, நிப்பாட்டிருவேன். தண்ணி இங்க இருக்கு."

தவசி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்த லேசான கரகரப்பு. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரலைச் சற்று இறக்கிப் பேசும் பழக்கம். அதை மறந்தே போயிருந்தார்.

தங்கப்பொண்ணின் குரல் ஏதோ கேட்டது. 'இது வெளிய போகாதுல்ல?' என்று கேட்கிறாள்.

"அதச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிர்றேன்க்கா. நீங்க தெரிஞ்சுக்கிட்டுப் பேசணும். நான் ஒரு தடவ தப்புப் பண்ணிருக்கேன். இதே மில்லுக்காரவங்க ஒருத்தர். அவங்க சொன்னத ஒரு பென்டிரைவுல போட்டு, பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கயே மறந்துட்டு வந்துட்டேன். பூட்டு கீட்டு ஒண்ணும் போடல. ஓடிப் போயிப் பாத்தப்ப இல்ல. மூணு நாள்ல அது அந்த சூப்பர்வைசர் போன்ல இருந்துச்சு. அந்தக்காவுக்கு வேல போச்சு. புருசன் வீட்டுல சேக்கல. பிள்ளையத் தூக்கிட்டுத் திருப்பூர் பக்கம் போயிட்டாங்க. என்னாலதான்."

கொஞ்ச நேரம் மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும்.

"அதுக்கப்புறந்தான் இந்தப் பூட்டெல்லாம் கத்துக்கிட்டேன். இப்ப இந்த டிஸ்க்க யாரு தூக்கிட்டுப் போனாலும் ஒரு எழுத்துக்கூட எடுக்க முடியாது. இத முன்னாடியே செஞ்சிருக்கணும். அர மணி நேர வேலைக்கா. அர மணி நேரம்."

"விடு பாப்பா. வேணும்னா செஞ்ச?" என்றது தங்கப்பொண்ணின் குரல்.

"எப்படிக்கா விட? அப்ப எனக்குப் பூ வைக்க நாள் குறிச்சிருந்தாங்க. அந்தக்கா சின்னப் பிள்ளையோட பஸ் ஏறிப் போனதப் பாத்துட்டு வந்து, நான் மட்டும் பட்டுச்சேல கட்டி உக்கார முடியல. மிச்சப் பேரையும் விட்டுட்டு எப்படிப் போறது? வேணாம்னுட்டேன். அப்பா காரணம் கேட்டாரு. எங்க மாமா ஒருத்தரு அந்த மில்லுலதான் ஸ்டோர்ல இருக்காரு. அப்பாட்டச் சொன்னா கோவத்துல நேரா அவர்ட்டப் போயிக் கேப்பாரு. அந்தக்கா பேரு இன்னும் நாலு பேருக்குத் தெரிஞ்சுரும். அதான் சொல்லல. அப்பா பேசி அஞ்சாறு மாசம் ஆச்சு."

"ஒனக்கு அவருமேல கோவமா பாப்பா?"

"கோவந்தான். ஒரு போன் பண்ணிருக்கலாம்ல? ஆனா நான் செஞ்சதும் அவருக்கு அவமானந்தான. கேஸ் முடியட்டும்க்கா. முடிஞ்சதும் நேராக் கடைக்கே போயி எல்லாத்தையும் சொல்லிரலாம்னு இருக்கேன். சரி, என் கதைய விடுங்க. நீங்க எந்த வருசம் மில்லுல சேந்தீங்க?"

தங்கப்பொண்ணு சொல்லத் தொடங்கினாள். முதலில் ஷிப்ட் நேரம், கூடப் போனவர்கள் பெயர் என்று சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு அந்தக் குரல் திக்கியது. நின்றது. "அவசரமே இல்லக்கா" என்றாள் அஸ்வினி. "நான் இங்கதான் இருக்கேன்."

தவசி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கேளுங்கண்ணே, பாப்பா இன்னும் பேசும். நான்தான் சொல்லிட்டேன்ல" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த தங்கப்பொண்ணு. அவள் முகம் வெளுத்திருந்தது.

"போதும்மா. இனிமே இருக்கறது ஒன்னோடது."

அஸ்வினியைத் தூக்கிப் போனபோதுகூட அழாதவர், யாரோ இரண்டு பெண்களுக்கு நடுவில், பைல்கள் அடுக்கிய அந்தச் சின்ன அறையில், வாய்விட்டு அழுதார். காரணம் தெரிந்திருந்தால் மில்லில் இருக்கும் அந்த மாமாவிடம் நேராகப் போய்க் கேட்டிருப்பார் என்பது உண்மைதான். அவரை அவளுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து முனீஸ்வரியிடம், மகள் தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டதை மட்டும் சொன்னார். மற்றவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முனீஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல. மாசம் ரெண்டு தடவ வந்தாளே. 'அப்பா சாப்பிட்டாரா, பிரஷர் மாத்திர போடுறாரா'ன்னுதான் கேப்பா. வேற ஒரு வார்த்த சொன்னதில்ல."

வழக்கு ஒன்றரை வருடம் இழுத்தது. பதினோரு பேரில் நான்கு பேர் நடுவிலேயே ஒதுங்கிக்கொண்டார்கள். தங்கப்பொண்ணு கடைசிவரை நின்றாள். அந்த சூப்பர்வைசருக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறான். தீர்ப்பு வந்த அன்று ஜெயக்கொடி போனில் சொன்னார். "கேஸ் முடிஞ்சிருச்சுண்ணே" என்று தொடங்கியவர், அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

தவசிதான் பேசினார். "மேடம், அந்தத் திருப்பூர் போன பொண்ணு... பேரு கீரு எனக்கு வேணாம். அவங்களுக்கு நான் ஏதாச்சும் செய்யணும். இல்லாட்டி நேராப் பாத்து ஒரு மன்னிப்பாச்சும் கேக்கணும். நீங்க கேட்டுச் சொல்லுங்க."

ஒரு வாரம் கழித்து ஜெயக்கொடி கூப்பிட்டார்.

"கேட்டேண்ணே. அஸ்வினி எறந்தது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அழுதாங்க. ஆனா யாரையும் பாக்க விரும்பல, எதுவும் வேணாம்னுட்டாங்க. அந்த ஊரு நெனப்பே வேணாம்னாங்க."

"பிள்ள நல்லாருக்கா?"

"பள்ளிக்கொடம் போகுதாம்."

"சரி மேடம்" என்றார் தவசி.

போனை வைத்தபோது, வாசலில் ஒரு விவசாயி டிவிஎஸ் வண்டியின் பின்னால் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தார். நெல் பால்பிடிக்கிற நேரம், நாளைக்குள் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் பதராகிவிடும் என்றார். தவசி போய் ஒரு பக்கம் பிடித்தார். இருவருமாக மோட்டாரை இறக்கி உள்ளே தூக்கி வந்தார்கள்.